ஆயாவின் விரல்தான் தெர்மாமீட்டர்!

நோன்பு அதிரசத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இன்ஜினீயரிங்... முத்தியால்பேட்டை அடுப்படியிலிருந்து ஒரு லைவ் ரிப்போர்ட்!

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே முத்தியால்பேட்டை மணிக்கூண்டைச் சுத்தியிருக்கிற தெருக்கள்ல ஒரு வாசனை கிளம்பிடும். ஏலக்காய், சுக்கு, கொதிக்கிற வெல்லம்... மூணும் கலந்த வாசனை. பட்டாசு வாசனையெல்லாம் அதுக்கு அப்புறம்தான் பாஸ்! மாவு மிஷின் வாசல்ல தூக்கு, பேசின், எவர்சில்வர் டப்பான்னு வரிசை கட்டி நிக்கும். எல்லாத்துலயும் ஈர அரிசி. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ‘‘நோன்புக்கு அதிரசம் சுடணும்ல!’’

மத்த ஊர்ல தீபாவளின்னா குலாப் ஜாமூன், மைசூர்பாகுன்னு லிஸ்ட் போகலாம். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கம் வந்து பாருங்க... அதிரசம் இல்லாத தீபாவளி, ஹால் டிக்கெட் இல்லாத எக்ஸாம் மாதிரி. உள்ளேயே விடமாட்டாங்க!

இந்த அதிரசத்தை நாம எல்லாரும் சாப்பிட்டிருக்கோம். ஆனா அதை எப்படிப் பண்றாங்கன்னு கேட்டா நம்ம செட்டுல எத்தனை பேர் பதில் சொல்வோம்? நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். ஹீட் டிரான்ஸ்ஃபர், மாஸ் டிரான்ஸ்ஃபர்னு புத்தகத்துல படிக்கிற அத்தனையும் எங்க ஆயா அடுப்படியில பல வருஷமா ப்ராக்டிகல் நடந்துட்டு இருக்கு. ரெக்கார்டு நோட்டு மட்டும்தான் இல்லை. சரி, அதை நாம எழுதுவோமேன்னு பேனாவும் தராசும் எடுத்துக்கிட்டு உட்கார்ந்துட்டேன்.

21-ன் கணக்கு

அதிரசத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு? கேதார கௌரி நோன்புதான் காரணம். ஐப்பசி அமாவாசையில எடுக்கிற நோன்பு இது. தீபாவளியோட சேர்ந்தே வரும். சிவன் உடம்புல பாதியைப் பெற பார்வதி இருந்த விரதம்னு கதை சொல்வாங்க. இதுல எல்லாமே 21 கணக்கு. 21 வெத்தலை, 21 பாக்கு, 21 வாழைப்பழம், 21 அதிரசம். கையில கட்டிக்கிற நோன்புக் கயிறுக்கும் 21 இழை. நெசவுக்குப் பேர் போன பேட்டையில இழை எண்ணத் தெரியாமலா இருக்கும்?

படைக்கிறதுக்கு 21 போதும். ஆனா 21 சுட்டு யாரும் நிறுத்தமாட்டாங்க. பக்கத்து வீடு, எதிர் வீடு, கட்டிக் கொடுத்த பொண்ணு வீடு, ஹாஸ்டல்ல இருக்கிற பையன், அவன் ரூம்மேட்டுங்க... இப்படியே கணக்கு நூறைத் தாண்டிடும்.

ஸ்டெப் 1: ஈரம்

கடையில விக்கிற ரெடிமேட் அரிசி மாவுல அதிரசம் வராது. ஏன்னு ஆயாகிட்ட கேட்டேன். ‘‘காஞ்ச மாவு பாகைக் குடிச்சிடும்டி. அப்புறம் மாவு வெடிப்பு விட்டுப் போயிடும்’’னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க.

அதுதான் சயின்ஸும்! மாவுப் பச்சரிசியை ரெண்டு மணி நேரம் ஊறவெச்சா, அது தன் எடையில கிட்டத்தட்ட கால் பங்கு தண்ணியை உள்ளே இழுத்துக்கும். அப்புறம் தண்ணியை வடிச்சு, வெள்ளை வேட்டியில பரப்பி, நிழல்ல உலர்த்தணும். வெயில் கூடாது. கையில எடுத்தா ஒட்டக்கூடாது, ஆனா உள்ளே ஈரம் இருக்கணும். இந்த நிலையில அரைச்சா அரிசி மெத்துனு உடைஞ்சு நைஸான மாவாகும். கையில பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கும், விரலால தட்டினா உதிரும். ஏற்கெனவே ஈரம் குடிச்ச மாவுங்கிறதால பாகுல இருக்கிற தண்ணிக்கு அலையாது. காஞ்ச மாவு அலையும். ஆயா சொன்ன ‘குடிச்சிடும்’ அதுதான்.

ஸ்டெப் 2: பாகு

அதிரசத்தோட உயிர் இங்கேதான் இருக்கு. பாகு ஒரு நிமிஷம் முன்னாடி இறங்கினா, அதிரசம் எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு கரைஞ்சு போகும். ஒரு நிமிஷம் பின்னாடி இறங்கினா, அதிரசத்தை வெச்சு சுவத்துல ஆணி அடிக்கலாம்!

ஆயா டெஸ்ட் பண்ற முறை ரொம்ப சிம்பிள். ஒரு கிண்ணத்துல பச்சைத் தண்ணி. கொதிக்கிற பாகுல ரெண்டு சொட்டு அதுல விடுவாங்க. விரலால கூட்டிச் சேர்ப்பாங்க. கரைஞ்சு ஓடினா இன்னும் ஆகலை. கையில மெத்துனு உருண்டை பிடிக்க வந்தா அடுப்பை அணைக்கலாம். இதுக்குப் பேர் உருட்டுப் பதம்.

நான் ஒரு டிஜிட்டல் கிச்சன் தெர்மாமீட்டர் வாங்கி வெச்சிருந்தேன். அதோட கம்பியைப் பாகுக்குள்ள விட்டேன்.

‘‘இது எதுக்குடி?’’

‘‘நீ எந்தச் சூட்டுல இறக்கறேன்னு பார்க்கப் போறேன் ஆயா.’’

‘‘பாரு, பாரு. நான் சொல்றப்ப நீ குறிச்சுக்கோ.’’

முதல் ஈடு பாகு... ‘‘இப்ப’’ன்னாங்க. 114 டிகிரி செல்சியஸ். ரெண்டாவது ஈடு... 113. மூணாவது... 115. ஆயா ஒரு தடவைகூட டிஸ்ப்ளேயைத் திரும்பிப் பார்க்கலை. கண்ணாடியும் போடலை!

மிட்டாய் செய்யறவங்களுக்கான பாடப் புத்தகங்கள்ல இந்தப் பதத்துக்குக் கொடுத்திருக்கிற அளவு 112-லிருந்து 115 டிகிரி. சர்க்கரைப் பாகுக்கான கணக்கு அது. வெல்லத்துல வேற சரக்கும் கலந்திருக்கிறதால ஒண்ணு ரெண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கும்.

இது எப்படின்னா... சுத்தமான தண்ணி 100 டிகிரியில கொதிச்சு அங்கேயே நின்னுடும். எவ்வளவு நேரம் எரிச்சாலும் சூடு ஏறாது. ஆனா அதுல சர்க்கரை கரைஞ்சிருந்தா கொதிநிலை ஏறும். தண்ணி ஆவியாகப் போகப் போக, மிச்சம் இருக்கிற பாகு கெட்டியாகும், கொதிநிலையும் மேல மேல போகும். அதாவது சூட்டைப் பார்த்தாலே பாகுல எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு தண்ணின்னு சொல்லிடலாம். 112 - 115 டிகிரியில ஏறத்தாழ 85 சதவீதம் சர்க்கரை, 15 சதவீதம் தண்ணி. நாம லேப்ல ‘கொதிநிலை ஏற்றம்’னு படிச்சு வைவாவுல திணர்றோமே, அதே சமாசாரம்தான்!

நம்ம வீடுகள்ல இந்த ஸ்கேலுக்கு ஏற்கெனவே பேர் இருக்கு. தொட்டா ஒட்டுறது பிசுக்குப் பதம். ரெண்டு விரலுக்கு நடுவுல ஒரு நூல் வந்தா கம்பிப் பதம். மெத்துனு உருண்டா உருட்டுப் பதம். அதையும் தாண்டி 121 - 130 டிகிரியில உருண்டை கெட்டியாகும். இன்னும் ஏறி 150-ஐத் தொட்டா, தண்ணியில விட்ட சொட்டு கண்ணாடி மாதிரி இறுகி, தட்டுல போட்டா ‘டங்’னு சத்தம் வரும். குலாப் ஜாமூன்ல தொடங்கி கடலை மிட்டாய் வரைக்கும் எல்லாமே இந்த ஒரே ஏணியில வேற வேற படிகள்தான்.

ஸ்டெப் 3: பொறுமை

சூடான பாகுல ஏலக்காய், சுக்கு, எள் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமா தூவிக் கிளறணும். மொத்த மாவையும் கொட்டிடக் கூடாது. சப்பாத்தி மாவைவிடத் தளர்வா வந்ததும் நிறுத்தணும். மேல நெய் தடவி, துணியால வேடு கட்டி, ஒரு நாளாவது வைக்கணும். ரெண்டு மூணு நாள் வெச்சா இன்னும் நல்லது.

‘எதுக்கு வெயிட்டிங்?’னு நாம கேட்போம். மாவுல இருக்கிற ஒவ்வொரு துகளுக்குள்ளயும் பாகு நிதானமா இறங்க நேரம் வேணும். இன்னிக்கே சுட்டா வெளியே ஒரு பதம், உள்ளே ஒரு பதமா இருக்கும். இந்த மாவு கெட்டுப் போகாதான்னு சந்தேகம் வரும். வராது. சர்க்கரை தண்ணியைக் கெட்டியாப் பிடிச்சு வெச்சுக்கும். கிருமிகள் வளரத் தண்ணி கிடைக்காது. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துலயும் அதிரசம் ஹாஸ்டல் பெட்டியில வாரக்கணக்கா தாக்குப்பிடிச்ச ரகசியம் இதுதான்.

ஸ்டெப் 4: எண்ணெய்

வாழை இலையில நெய் தொட்டு, எலுமிச்சை அளவு உருண்டையை வட்டமா தட்டி, எண்ணெயில போடணும். தீ மிதமா இருக்கணும். வெல்லத்துல குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் கலந்திருக்கிறதால சீக்கிரம் சிவந்துடும். தீயைக் கூட்டினா மேல கருகி, உள்ளே பச்சையா நிக்கும். சிவந்ததும் எடுத்து, ரெண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவுல வெச்சு அமுக்கி எண்ணெயைப் பிழியணும்.

அந்தச் செம்பழுப்பு நிறமும் மணமும் எங்கிருந்து வருது? சர்க்கரை கருகுறது ஒரு பங்கு. இன்னொரு பங்கு, மாவுல இருக்கிற புரதத்தோட அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டுல சேர்ந்து நடத்துற வேதிவினை. இதை 1912-ல எழுதி வெச்சவர் லூயி கமில் மையார்ங்கிற பிரெஞ்சுக்காரர். அவர் பேராலேயே இதை ‘மையார் வினை’ன்னு சொல்றாங்க. அப்போ நம்ம புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியிலதான் இருந்துச்சு. பாரீஸ்ல அவர் பேப்பர் போட்டுட்டு இருந்தப்ப, முத்தியால்பேட்டையில நம்ம பாட்டிங்க அதைச் சுட்டுத் தட்டுல அடுக்கிட்டு இருந்திருப்பாங்க!

எழுதாத ஃபார்முலா

திருப்பதி லட்டுக்கு ‘திட்டம்’னு ஒரு அளவுக் கணக்கு இருக்கு தெரியுமா? 5,100 லட்டுக்கு நெய் 165 கிலோ, கடலை மாவு 180 கிலோ, சர்க்கரை 400 கிலோ, முந்திரி 30, திராட்சை 16, கற்கண்டு 8, ஏலக்காய் 4 கிலோ. மொத்தம் 803 கிலோ. எழுதி வெச்சிருக்கிறதால மடைப்பள்ளியில ஆள் மாறினாலும் அளவு மாறாது. அந்த லட்டுக்கு 2009-ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பழநி பஞ்சாமிர்தத்துக்கும் 2019, கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020, மணப்பாறை முறுக்குக்கு 2023.

நம்ம வீட்டு அதிரசத்துக்கு யார் குறியீடு கொடுப்பாங்க? அது ஆயாவோட விரல்லயும், கண்ணுலயும், ‘இப்ப’ங்கிற ஒரு சொல்லுலயும்தான் இருக்கு. ‘ஒரு கை’, ‘கண்ணளவு’, ‘வாசம் வந்ததும்’... இதுதான் அவங்க யூனிட். அந்த விரல் ஓய்ஞ்சா அந்த ஃபார்முலாவும் ஓய்ஞ்சிடும். எங்க ஆயாவுக்கு முட்டி வலி. தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க ரெண்டு பேர் வேணும். அம்மாவுக்குப் பாகு பார்க்கத் தெரியும், ஆனா ‘‘ஆயா ஒரு தடவை பார்த்துட்டா நிம்மதி’’ம்பாங்க. எனக்கு அதுவும் தெரியாது. மூணே தலைமுறையில அறிவு எப்படித் தேயுதுன்னு பாருங்க.

அடுப்படியில யாரு?

‘கடையில வாங்கிட்டா போச்சு’ங்கிறது ஒரு பதில். அம்மாவே அதைச் சொல்வாங்க. தப்பே இல்லை. ஆபீஸ் முடிஞ்சு ஏழு மணிக்கு வந்து மாவு சலிக்கிறவங்களுக்கு அப்படித் தோணத்தானே செய்யும்? கணக்குப் பாருங்க... ஒரு ஈடுக்கு ரெண்டு அதிரசம், ரெண்டு நிமிஷம். நூறு அதிரசம்னா 100 நிமிஷம் கொதிக்கிற எண்ணெய் முன்னாடி. ஊறவைக்கிறது, உலர்த்துறது, அரைக்கிறது, சலிக்கிறது, பாத்திரம் கழுவுறதெல்லாம் தனி. இதோட முறுக்கு, ஓமப்பொடி, அன்னாடச் சமையல். எங்க வீட்டுல எனக்கு செமஸ்டர் எக்ஸாம் நெருங்கிட்டு இருந்தப்பவும் மூணு நாள் அடுப்படி ட்யூட்டி. என் தம்பிக்கு? மொட்டை மாடியில கிரிக்கெட். ரெண்டு பேருக்கும் ஒரே ஆயா!

இது எங்க வீட்டுக் கதை மட்டுமில்லை. 2019-ல மத்திய அரசு நடத்தின நேரப் பயன்பாட்டு ஆய்வுல, சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கிற பெண்கள் ஒரு நாளைக்கு அதுக்காகச் செலவழிச்சது சராசரியா 299 நிமிஷம். வீட்டு வேலை பார்க்கிற ஆண்கள்? 97 நிமிஷம். அதுவும் சாதாரண நாள் கணக்கு. பண்டிகை வந்தா எந்தப் பக்கம் ஏறும்னு சொல்லணுமா?

‘அதிரசம் நம்ம கலாசாரம், அதை விடக் கூடாது’ன்னு சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து பேசுறவங்க நிறைய பேர். கலாசாரத்தைக் காப்பாத்துற வேலையை மட்டும் ஆயாவோட முட்டி மேலயும் அம்மாவோட ராத்திரி மேலயும் வெச்சுட்டா, அது ரொம்ப நாள் ஓடாது. ஒண்ணு, வேலையைப் பங்கு போடணும். இல்ல, கடையில வாங்கறவங்களைக் குறை சொல்றதை நிறுத்தணும்.

‘‘அக்கா, அதிரசம் ஆச்சா?’’ன்னு தம்பி எட்டிப் பார்த்தான்.

‘‘உள்ள வந்து அமுக்குடா, ஆகும்’’னு ரெண்டு தட்டைக் கரண்டியையும் அவன் கையில கொடுத்தாங்க ஆயா. முதல் நாலு நொறுங்குச்சு. ‘‘பரவாயில்ல, உடைஞ்சதைச் சுட்டவன்தான் சாப்பிடணும்’’னாங்க. அஞ்சாவதுல இருந்து ஒண்ணுகூட உடையலை. பையன் வயித்துல இடமில்லாம போனதும் காரணமா இருக்கலாம்!

எங்க வீட்டு ஃபார்முலா (தராசுல நிறுத்தது!)

மாவுப் பச்சரிசி 1 கிலோ. பாகு வெல்லம் முக்கால் கிலோ. பளபளன்னு மஞ்சளா இருக்கிற வெல்லம் வேண்டாம். கருப்பா இருக்கிறதுதான் பாகுக்கு நல்லது. தண்ணி ஒரு டம்ளர். ஏலக்காய் 10, சுக்குப்பொடி ஒரு டீஸ்பூன், எள் ரெண்டு டீஸ்பூன், நெய் ரெண்டு ஸ்பூன். பொரிக்க எண்ணெய். இதுல 45-லிருந்து 50 அதிரசம் வரும். வெல்லம் கரைஞ்சதும் ஒரு தடவை வடிகட்டிடுங்க, மண் இருக்கும். எண்ணெயில பிரிஞ்சா மாவுல கொஞ்சம் அரிசி மாவு சேர்க்கணும். கெட்டியா இருந்தா வெதுவெதுப்பான பால் தெளிச்சுப் பிசையணும்.

மத்த பண்டிகைக்கும் லேப் உண்டு!

சீடை (கிருஷ்ண ஜெயந்தி): எண்ணெயில வெடிக்குமே, ஏன்? வெளித்தோல் இறுகின பிறகு உள்ளே மாட்டின ஈரம் ஆவியாகி வழி தேடும். சேஃப்டி வால்வு இல்லாத குக்கர் மாதிரி! மாவை வறுத்து ரெண்டு தடவை சலிங்க. இறுக்கி உருட்டாதீங்க. துணியில உலர விட்டு, ஊசியால ஒரு குத்து குத்துங்க. அந்த ஓட்டைதான் வால்வு.

கொழுக்கட்டை (விநாயகர் சதுர்த்தி): கோதுமை மாதிரி இழுபடுற பசைப் புரதம் அரிசியில கிடையாது. கொதிக்கிற தண்ணி ஊத்திப் பிசையும்போது மாவுச்சத்து வெந்து, அதுவே பசையாகும். ஆறின தண்ணி ஊத்தினா மேல் மாவு வெடிக்கும்.

முறுக்கு (தீபாவளி): நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுத்தம் மாவு. வெண்ணெய் கூடினா எண்ணெயில உதிரும், குறைஞ்சா பல்லு உடையும். எண்ணெயில வர்ற குமிழெல்லாம் முறுக்கை விட்டு வெளியேறுற தண்ணி. சலசலப்பு அடங்கினா தண்ணி தீர்ந்துடுச்சு, எடுத்துடலாம்னு அர்த்தம்.

பொரி உருண்டை (கார்த்திகை): உருட்டுப் பதத்தைத் தாண்டின கெட்டிப் பாகு. ஆறினா இறுகிடும். அதனால நாலு பேர் சுத்தி உட்கார்ந்து, கையில நெய்யோ அரிசி மாவோ தொட்டுக்கிட்டு, சூட்டோட சூடா பிடிக்கணும். வீட்டு வேலையைப் பங்கு போட்டே ஆகணும்னு சட்டம் போட்ட ஒரே பலகாரம் இது!

உஷார் பாஸ்!

எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது. தண்ணி எண்ணெய்க்கு அடியில போய், சட்டுனு ஆவியாகி, எரியுற எண்ணெயை மேல தூக்கி அடிக்கும். கேஸை அணைச்சுட்டு, பெரிய தட்டால வாணலியை மூடுங்க. காத்து கிடைக்காம தீ அடங்கும். வாணலியைத் தூக்கிட்டு ஓடாதீங்க. பட்டுப்புடவை, தொங்குற துப்பட்டா அடுப்படிக்கு ஆகாது.

மிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீங்க. காய்ச்சக் காய்ச்ச அதுல ‘போலார் காம்பவுண்டு’னு சொல்ற வேண்டாத சேர்மங்கள் கூடும். அது 25 சதவீதத்தைத் தாண்டின எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி 2018 ஜூலை 1 முதல் அமல்ல இருக்கு. வீட்டுல அளக்க முடியாது. கருத்து, நுரைச்சு, கனமா ஒரு வாடை வந்தா, யோசிக்காம ஒதுக்கிடுங்க.

கடைசியா ஒரு அசைன்மென்ட்!

இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப பையில ஒரு நோட்டு வெச்சுக்கோங்க. ஆயாவோ, அம்மாவோ, அத்தையோ... யார் பாகு பார்க்கிறாங்களோ அவங்க பக்கத்துல மணை போட்டு உட்காருங்க. அவங்க ‘ஒரு கை’ன்னு அள்ளும்போது கையைப் பிடிச்சு நிறுத்தி, அதைத் தராசுல வைங்க. ‘இப்ப’ன்னு சொல்றப்ப மணியைக் குறிங்க, செல்போன்ல வீடியோ எடுங்க. அடுத்த ஈடுக்கு நீங்க விரலை வைங்க, அவங்க பார்க்கட்டும். பசங்களுக்குச் சிறப்பு சலுகை: மாவு மிஷின் க்யூவும், கரண்டி அமுக்குறதும், வாணலி கழுவுறதும் உங்களுக்கே!

எங்க நோட்டுல மூணு பக்கம் ஆகியிருக்கு. சீடையில இன்னும் ரெண்டு சந்தேகம் பாக்கி. ஆயா தூங்கி எழுந்ததும் கேட்டுடணும்.